யாருமில்லாத தீவு மூழ்கினால் யாருக்கு என்ன?

"டீச்சர், அங்க யாருமே இல்லதானே? அப்புறம் அது மூழ்கினா யாருக்கு என்ன?"

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. அன்று தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மன்னார் வளைகுடாவைக் காட்டிக்கொண்டிருந்தேன். "தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் உள்ளன. அவற்றில் மனிதர்கள் வசிப்பதில்லை. இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். அவன் விடவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். அந்த நாளை வருவதற்கு எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் நான் கற்றதையும் வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பள்ளி ஓசூர் சிப்காட் பகுதியை ஒட்டி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எனப் பல வீட்டு மொழிகள். அந்த வகுப்பில் கடலைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். ஐந்து கைகள் எழுந்தன. தீவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் சொல் இருந்தது. கன்னடம் பேசும் மாணவி 'நடுகட்டே' என்றாள். தெலுங்கு பேசும் மாணவன் ஆற்று நடுவில் இருக்கும் மேட்டை அவன் பாட்டி ஊரில் 'லங்க' என்பார்கள் என்றான். பீகாரிலிருந்து வந்த மாணவன் 'டாபு' என்றான். வார்த்தை இருக்கிறது, காட்சிதான் இல்லை. அங்கிருந்து தொடங்கினோம்.

பெயரைப் பிரித்துப் பார்த்தோம்

மன்னார் வளைகுடாத் தீவுகளை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள். மண்டபம் தொகுதியில் 7, கீழக்கரைத் தொகுதியில் 7, வேம்பார் தொகுதியில் 3, தூத்துக்குடித் தொகுதியில் 4. பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "பெயரைப் பார்த்து என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்ற இரண்டையும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். "படகுல போறவங்க குடிக்கத் தண்ணி தேடி இறங்கியிருப்பாங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி. முயல் தீவு என்றதும் சிரிப்பு. அடுத்து, விலங்குசல்லி, காரைச்சல்லி, புழுவினிச்சல்லி. மூன்று பெயர்களிலும் 'சல்லி' இருக்கிறதே, அது என்ன?

அந்தக் கடற்கரையில் 'சல்லி' என்றால் உடைந்த பவளத் துண்டுகள். சொன்னவுடன், முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன் எழுந்தான். "எங்க அப்பா கிரஷர்ல வேலை செய்றார் டீச்சர். அங்க உடைக்கிறது ஜல்லி."

ஜல்லியும் சல்லியும் ஒரே பொருள் தரும் சொற்கள்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைக்கு ஜல்லி தெரியும், கல்குவாரி தெரியும், மலை ஒரு பக்கமாகக் குறைந்துகொண்டே வருவதும் தெரியும். கடலைக் காட்டாமலே பாடம் நடத்தலாம் என்ற நம்பிக்கை அந்த நிமிடத்தில்தான் எனக்கு வந்தது.

சல்லி எப்படித் தீவாகிறது?

பவளம் கல் போலத் தெரிந்தாலும் அதைக் கட்டுவது உயிருள்ள விலங்கு. பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிரிகள் கடல்நீரில் கரைந்திருக்கும் பொருள்களைக் கொண்டு கால்சியம் கார்பனேட் கூட்டைக் கட்டுகின்றன. ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடுகள் வளர்ந்து, பல நூறு, பல ஆயிரம் ஆண்டுகளில் பவளப்பாறைத் திட்டு உருவாகிறது. மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கடினப் பவளங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

திறந்த கடலிலிருந்து வரும் அலை இந்தத் திட்டில் மோதி உடைகிறது. அலையில் முறியும் பவளத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் பொடிந்து, திட்டுக்குப் பின்னால் அமைதியாக இருக்கும் நீரில் ஒதுங்கிக் குவிகின்றன. நீர்மட்டத்துக்கு மேல் குவியல் எழுந்ததும் பறவைகளும் அலைகளும் விதை கொண்டுவருகின்றன. செடியின் வேர் மணலைப் பிடித்துக்கொள்கிறது. தீவைச் சுற்றியுள்ள கடற்புல் நீருக்கடியில் அதே வேலையைச் செய்கிறது. ஆக, தீவு என்பது ஒரு கணக்கு. தினமும் அலை கொஞ்சம் மணலை எடுத்துச் செல்கிறது. பவளத்திட்டு கொஞ்சம் கொடுக்கிறது. வரவு நின்றால் தீவு கரையும்.

இதை உறுதிசெய்ய ஒரு சிறு சோதனை செய்தோம். கால்சியம் கார்பனேட் மீது வினிகர் விட்டால் குமிழி வரும். நான் முதலில் சாக்பீஸை எடுத்து வினிகரில் போட்டேன். குமிழி வரவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இப்போது நாம் பயன்படுத்தும் சாக்பீஸ்களில் பெரும்பாலானவை ஜிப்சத்தில் செய்தவை என்பது எனக்கு நினைவு வரவில்லை. பிறகு சத்துணவு முட்டையின் ஓட்டைப் போட்டோம், பொங்கியது. கோலம் போட வாங்கிய கிளிஞ்சல் துண்டு, பொங்கியது. பள்ளி வாசலில் கிடந்த ஜல்லி, ஒன்றும் நடக்கவில்லை. "நம்ம ஜல்லி வேற, கடல் சல்லி வேற. அது உசிரு கட்டினது" என்று ஒரு மாணவி தானாகவே சொன்னாள். இச்சோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் சாக்பீஸை நம்ப வேண்டாம்; முட்டை ஓட்டிலிருந்து தொடங்குங்கள்.

தட்டில் ஒரு கடல்

அடுத்தது அலைச் சோதனை. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. ஒரு முனையில் எம்-சாண்டைக் குவித்துத் தீவு. நடுவில் ஜல்லியை வரிசையாக அடுக்கிப் பவளத்திட்டு. மறுமுனையில் மர ஸ்கேலால் நீரைத் தள்ளி அலை.

முதல் முறை, ஜல்லி இல்லாமல் 20 அலைகள். தீவின் பாதி சரிந்தது. இரண்டாம் முறை, ஜல்லி வரிசையுடன் 20 அலைகள். ஓரம் மட்டும் கொஞ்சம் கரைந்தது. மூன்றாம் முறை, ஐந்து அலைக்கு ஒரு தடவை சில கற்களை எடுத்துக்கொண்டே வந்தோம். இடைவெளி விழுந்த இடத்துக்கு நேர் பின்னால்தான் தீவு முதலில் அரித்தது. அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குழுவின் தீவு மட்டும் கற்கள் இருந்தும் கரைந்துவிட்டது. அவர்கள் சோர்ந்துபோனார்கள். காரணம் தேடினோம். அவர்கள் இரண்டு விரல் உயரம் அதிகமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். கற்கள் முழுக அமிழ்ந்ததால் அலை அவற்றின் மேலேயே தாண்டிப் போயிருக்கிறது. தவறிச் செய்த அந்தச் சோதனைதான் கடல்மட்ட உயர்வுக்குச் சரியான பாடமாயிற்று. உயிருள்ள பவளம் நீர்மட்டத்தோடு சேர்ந்து மேல்நோக்கி வளர முடியும். செத்த பவளம் வளராது. கடல் உயர உயர அது அமிழ்ந்துபோகும்.

பவளம் ஏன் சாகிறது? அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு உணவில் பெரும்பகுதியும் நிறமும் அவற்றால் கிடைப்பவை. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் இறந்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படிப் பெரிய அளவில் பவளங்கள் வெளுத்தன.

கற்களை எடுத்தது யார்?

தொட்டியில் கற்களை எடுத்தது நாங்கள். கடலில் எடுத்தது யார் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்த இடத்தில்தான் நான் நிதானிக்க வேண்டியிருந்தது.

பவளம் கிட்டத்தட்ட முழுவதும் சுண்ணாம்புச் சத்து. அதனால் 20-ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் பவளம் அங்கிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. சுண்ணாம்பு எரிக்க, வீடு கட்ட, சிமெண்டுக்கு, கால்சியம் கார்பைடு தயாரிக்க அது போயிற்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கார்பைடு புதிய சொல் அல்ல. மாங்காய் பழுக்க வைக்கக் 'கார்பைட் கல்' வைக்கக் கூடாது என்று பருவந்தோறும் கேட்டு வளர்கிறவர்கள். அந்தக் கார்பைடிலிருந்து கிடைக்கும் அசிட்டிலின் வாயுவைக் கொண்டுதான் கேஸ் வெல்டிங் செய்கிறார்கள் என்றதும், பட்டறையில் வேலை செய்யும் அப்பாக்களின் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கடலின் கல், ஒரு தொழில் நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

"அப்ப அவங்க கெட்டவங்களா டீச்சர்?" என்று கேட்டவன் கிரஷர் தொழிலாளியின் மகன்தான். அவன் எந்த இடத்திலிருந்து கேட்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. சுற்றுச்சூழல் பாடம் நடத்தும்போது நாம் அறியாமலே செய்துவிடும் தவறு இது. கல் உடைப்பவர், மரம் வெட்டுபவர், ஆலையில் வேலை செய்பவர் என எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளியாக்கிவிடுகிறோம். பிள்ளை பாடத்தைக் கைவிடும், அல்லது வீட்டை எண்ணி வெட்கப்படும். இரண்டும் கூடாது.

உண்மையைச் சொன்னேன். கடலில் இறங்கிப் பவளத்தை வெட்டியவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்காக இறங்கிய கடலோர மக்கள். அதை விலைக்கு வாங்கியது தொழில், பயன்படுத்தியது ஊர். அந்தத் திட்டு ஒரு தீவைத் தாங்குகிறது என்பதை அன்று எடுத்துச் சொன்னவர்களும் குறைவு. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் கிடைத்தது. 2005 வாக்கில் பவளம் வெட்டுவது நின்றது.

மூழ்கியவையும் மீள்வதும்

அதற்குள் இரண்டு தீவுகள் போய்விட்டன. தூத்துக்குடித் தொகுதியில் விலங்குசல்லி, கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டி. இரண்டும் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன. 21 தீவுகள் என்று நாம் எழுதிப்போடும் எண்ணில் இவையும் அடக்கம்.

மூன்றாவதாகப் போயிருக்க வேண்டியது தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு. 1986-இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த அது, 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது. அப்போது தமிழ்நாடு வனத்துறை, சென்னை ஐஐடி, தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை சேர்ந்து ஒரு முயற்சி எடுத்தன. அடி அகன்று மேல் குறுகிய, துளைகள் உள்ள கான்கிரீட் கட்டமைப்புகளைத் தீவின் கடல் பக்கத்தில் வரிசையாக இறக்கினார்கள். வெட்டி எடுத்த பவளத்திட்டின் வேலையை அவை செய்ய வேண்டும்.

துளை எதற்கு? நாங்கள் தொட்டியில் ஒரு செங்கல்லையும், ஹாலோ பிளாக் துண்டு ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். முழுச் சுவரில் மோதிய அலை திரும்பி வந்து சுவரின் அடி மணலைப் பறித்தது. துளை வழியே புகுந்த அலை சிதறி, வேகம் இழந்து போனது. கடலில் அந்தத் துளைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. மீன்கள் அவற்றில் ஒதுங்குகின்றன. கான்கிரீட்டின் மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரத் தொடங்குகின்றன. வான் தீவின் கரைவு அடங்கி, மணல் மறுபடி சேரத் தொடங்கியது. அதே தொகுதியில் 1969-இல் சுமார் 20 ஹெக்டேராக இருந்து இன்று சுமார் 3 ஹெக்டேராகக் குறைந்துள்ள காரைச்சல்லித் தீவுக்கும் இதே முறை கையாளப்படுகிறது.

உறவினர் திருமணத்துக்காகத் தூத்துக்குடி போனபோது கரையில் நின்று வான் தீவைத் தேடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கை நீட்டிக் காட்டினார். எனக்கு அது தீவா, தூரத்தில் நிற்கும் படகா என்று தெரியவில்லை. "முன்னாடி நல்லா தெரியும்மா, இப்ப கூர்ந்து பாக்கணும்" என்றார். அந்த ஒரு வரியை அப்படியே கொண்டுபோய் வகுப்பில் சொன்னேன். எந்த எண்ணையும்விட அது பிள்ளைகளிடம் நின்றது.

ஆளில்லை, ஆனால் காலியில்லை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். யாருமில்லாத தீவு மூழ்கினால் யாருக்கு என்ன?

முதலாவது, தீவு ஓர் அரண். கடல் அலை கரைக்கு வருமுன் அங்கே ஒரு தடவை உடைகிறது. தீவு போனால் அடுத்த தீவு, எதிரே உள்ள கரையும் மீனவர் குடியிருப்பும்தான். இரண்டாவது, பவளத்திட்டும் கடற்புல்லும் மீன், இறால், நண்டுக் குஞ்சுகளின் வளர்ப்பிடம். அங்கே வளர்வதுதான் வெளியே வலையில் விழுகிறது. ஓசூர்ச் சந்தையில் விற்கும் கடல் மீனும் ஏதோ ஒரு கடலின் இத்தகைய இடத்தில் வளர்ந்ததுதான். மூன்றாவது, அங்கே குடியிருப்பவர்கள் வேறு. கடற்புல்லை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசு, ஆமைகள், வலசை வரும் பறவைகள். குருசடைத் தீவின் மணலில், முதுகெலும்பற்ற விலங்குகளையும் முதுகுநாணிகளையும் இணைத்து நோக்க உதவும் பாலனோகிளாசஸ் என்ற புழு வாழ்கிறது. மேல்நிலை விலங்கியலில் நாம் நடத்தும் அதே புழு. அந்தச் சிறிய தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-இல் தனி ஆய்வு நூல் வெளியிட்டது.

இந்தக் காரணங்களால்தான் 1986-இல் இத்தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியக் கடல் பூங்காவாகவும், 1989-இல் விரிந்த பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. அருகிலுள்ள பாக் விரிகுடாவில் 2022-இல் கடற்பசுவுக்கென்றே 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பகமாயிற்று.

உலகில் வேறு இடங்களிலும் இப்படி உண்டு. கிரேக்க நாட்டில் தீவுகளும் திட்டுகளுமாகச் சுமார் 6,000 இருக்கின்றன. மனிதர் வாழ்பவை 227 மட்டுமே. அவர்கள் 1992-இல் அலோனிசோஸ் தீவுப் பகுதியில் ஒரு கடல் பூங்கா அமைத்தார்கள். அதற்குள் இருக்கும் பிப்பேரி என்ற ஆளில்லாத் தீவை 3 கடல் மைல் தூரத்துக்குள் அனுமதியின்றி யாரும் நெருங்கக் கூடாது. மத்தியதரைக் கடலில் அருகிப்போன துறவிச் சீல் என்ற விலங்கு அங்குள்ள கடற்குகைகளில் குட்டி ஈனுகிறது. அங்கே ஆள் இல்லாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், கேள்வி கேட்ட மாணவனையே பதில் சொல்லச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "யாரும் இல்லாத இடம்னா, எடுத்தா ஏன்னு கேக்க ஆள் இல்லாத இடம் டீச்சர்" என்றான். பிறகு, "எங்க ஊர் மலை மாதிரி" என்று சேர்த்துக்கொண்டான்.

சக ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

இத்தீவுகளில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. எனவே சுற்றுலாத் திட்டத்தில் 'தீவுக்குப் போகிறோம்' என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். முட்டை ஓடு, தொட்டி, மணல், ஜல்லி இருந்தால் வகுப்பறையிலேயே இரண்டு பாடவேளைகளில் சோதனைகளை முடிக்கலாம். தொடக்க வகுப்பில் தீவுப் பெயர்களைப் பிரித்துப் பொருள் சொல்வதோடு நிறுத்தலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் 16 ஹெக்டேர் 2 ஆனால் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்கு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட, தீவோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் 'யாருமில்லாத இடம்' எது என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு பட்டியல் போட்டார்கள்: ஊருக்குப் பின்னால் உள்ள பாறைக்குன்று, ஏரியின் வறண்ட பாதி, சிப்காட் வேலிக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புதர். ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார்கள் என்று இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். குன்றைப் பற்றி எழுதும் பொறுப்பை அந்த மாணவன் கேட்டு வாங்கிக்கொண்டான். மழைநீர் எந்தப் பக்கம் இறங்கி எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று தன் அப்பாவிடமே கேட்டு எழுதியிருக்கிறான். அவருக்கு அந்தக் குன்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சுவரில் தொங்கும் வரைபடத்தில் பிள்ளைகள் இரண்டு தீவுகளை வெறும் வட்டமாக மாற்றிவிட்டார்கள். வான் தீவின் மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வருகிறவர்கள், தீவு எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்து அந்தப் புள்ளியைத் திருத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ரப்பரும் பென்சிலும் வரைபடத்துக்குக் கீழே கட்டித் தொங்கவிடப்பட்டுள்ளன.